மிச்சப் பூவில் ஒரு வளையம்

வெறுங்கையைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

யாருடைய கையாக இருந்தாலும் சரி. பிரசவ விடுதியின் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஆண்பிள்ளையின் கை, ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரும் சிஸ்டரின் கை, வலி வந்து கட்டில் கம்பியைத் துழாவும் கை. எந்தக் கை சும்மா இருந்தாலும் அவள் கண்ணுக்கு அது திறந்து கிடக்கிற கதவு. ஓடி வந்து எதையாவது வைத்து அடைத்துவிடுவாள். ஒரு எலுமிச்சம்பழம். மடித்த துவாலை. காலி ஃபிளாஸ்க். ஒன்றும் அகப்படவில்லை என்றால் தான் தரை துடைக்கிற வாளி.

"இத்தப் புடி நைனா."

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர், ஆறடி உயரம், உள்ளே மனைவி கத்துகிற கத்தலில் வெலவெலத்து நின்றார். அவள் நீட்டிய வாளியை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தார். பெண் குழந்தை என்று சிஸ்டர் வந்து சொன்னபோதும் அதைக் கீழே வைக்கவில்லை.

"போதும் குடு. இனிமே புடிக்கறதுக்கு உனக்கு வேற கீது" என்று அவள்தான் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஆயாம்மா என்று கூப்பிட்டோம், வந்தாள். ஒருத்தியின் கையால் இருபத்தாறு நாள் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் பெயர் கேட்காமல் வந்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், ஐம்பத்தைந்தும் இருக்கலாம். வெயிலும் உப்பும் சேர்ந்து வயதைத் தேய்த்து அழித்துவிட்ட முகம். நெட்டுக்குப்பத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவாள். முந்தானை முனையில் எப்போதும் ஏதோ ஒன்று முடிந்திருக்கும். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. கேட்டால், "ஏன், பதினாறு கட்டிலு கீதே, பத்தாதா?" என்பாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. இராயபுரத்தில், மாதா கோயிலை ஒட்டி, கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன விடுதி. கீழே பதினாறு கட்டில். மாடியில் இரண்டு தனி அறைகள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று தூங்குகின்றன. நான் திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் இரும்பு வார்க்கிற ஆலையில் வேலை. எட்டாம் மாதம் என் கால்கள் வீங்கின. பிரசவம் வரைக்கும் இங்கேயே படுத்துக் கிட, உப்பைத் தொடாதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் நாலு நாளில் போனார்கள். நான் மட்டும் கதவோரக் கட்டிலில் கிடந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். சன்னல் கட்டையில் விரல் வைத்தால் துறைமுகத்துக் கரித்தூள் ஒட்டும். கப்பல் ஊதினால் தண்ணீர்ச் சொம்பு மெல்ல நடுங்கும்.

அந்தச் சன்னல் வழியாகத்தான் அவள் வளையம் கட்டுவதைப் பார்த்தேன்.

மாடி அறைகளுக்குத் துறைமுக அதிகாரிகளின் மனைவிகளும் கம்பெனி மேனேஜர்களின் மனைவிகளும் வருவார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் வெள்ளித்தாள் சுற்றிய பொக்கே கொண்டுவருவார்கள். கீழே எங்களுக்கு ரொட்டியும் ஹார்லிக்சும்தான், பூ கிடையாது. மாடிக்காரர்கள் வீட்டுக்குப் போகும் நாளில் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள், சூட்கேசை எடுத்துக்கொள்வார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலைக்கூட மறக்கமாட்டார்கள். பூவை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். ஆயாம்மா அவற்றை வாளியில் நிறுத்தி இறக்கிக் கொண்டுவருவாள். மாடிப்படியில் வாளி முதலில் தெரியாது, பூத்தலைகள்தான் தெரியும்.

மத்தியானச் சோறு முடிந்ததும் பின்புறத் தண்ணீர்த் தொட்டியின் அருகில் குந்துவாள். பொக்கேயைப் பிரிப்பாள். உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிகளை உருவி, இரண்டு மூன்றாக முறுக்கி, தன் முழங்காலில் வைத்து வளைப்பாள். சாண் அகலத்துக்கு ஒரு வட்டம். அதன்மேல் புண்ணுக்குக் கட்டுகிற பழைய காஸ் துணியைக் கிழித்துச் சுற்றுவாள். பிறகு ரோஜாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வாடிய வெளி இதழ்களை உரிப்பாள். உரிக்க உரிக்கப் பூ சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் நிறம் திரும்பிவிடும்.

"வாட்றது மேலதான். உசுரு உள்ள பத்தரமா கீது பாரு."

காம்புகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, மூன்று பூ ஒரு கொத்து, கொத்தின்மேல் கொத்தாக ஒரே பக்கமாக வைத்துக் கட்டிக்கொண்டே போவாள். சுற்றி வந்து முடியும் இடத்தில் கடைசிக் கொத்தின் காம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது முதல் பூவின் தலையை ஒரு விரலால் தூக்கி, அந்தக் காம்பை அதன் அடியில் செருகுவாள். விரலை எடுத்தால் எங்கே தொடங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது.

காசு கொடுத்து வாங்கின பூவை அவள் இதற்குத் தொடமாட்டாள். ஒருமுறை சிஸ்டர் ஒருத்தி தெருவில் சாமந்தி வாங்கித் தரவா என்று கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வோணாம் சிஸ்டர். வாங்கிக் கட்னா அது சாவு வளையம். ஒருத்தரு சந்தோசத்துல மிஞ்சினதுல கட்னா அது வூட்டுப் பூவு."

இந்த நியாயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. இன்றும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அவள் முதலில் இந்த வளையங்களைக் கட்டியது அழகுக்குத்தான். எப்போதோ கிறிஸ்துமஸின்போது வெள்ளைக்கார மதர் ஒருவர் கதவில் இப்படி மாட்டியதைப் பார்த்து வைத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்த வாரம், இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தியின் கட்டில் தலைமாட்டில் ஆசையாக ஒன்றை மாட்டினாள். அந்தப் பெண் குளிக்கப் போயிருந்தாள். பிள்ளைகளைத் தடுப்பூசிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கிரேன் ஓட்டுகிற அவள் புருஷன் வேலை முடிந்து வந்தான். காலிக் கட்டிலைப் பார்த்தான். தலைமாட்டில் வட்டமாகப் பூவைப் பார்த்தான். இந்த ஊரில் வட்டமாகக் கட்டின பூவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. "ஐயோ, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

தலையைத் துவட்டிக்கொண்டே பெண்டாட்டி வந்தாள். "யாரு பூட்டது? யோவ், இன்னாத்துக்குய்யா கத்தி மானத்த வாங்குற?"

அவளை நிமிர்ந்து பார்த்தவன் இன்னும் பெரிதாகக் கத்தினான். வார்டு முழுக்கச் சிரித்தது. தையல் பிரியும் என்று சிரிக்கப் பயந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விடுதியை நடத்திய மதர் மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் இந்த வார்டில் பூ வளையம் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆயாம்மா தலையாட்டினாள். "அதுவும் ரைட்டுதான். இவளுங்க கையில புள்ள கீது. இவளுங்களுக்கு இன்னாத்துக்கு?"

அந்த வாக்கியத்தின் மறுபாதியை அவள் சொல்லவில்லை. சில நாளில் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளை தங்காமல் வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் அப்படித்தான், பத்து நாளைக்கு ஒருத்தியாவது. பிள்ளையைத் துணியில் சுற்றி ஆண்களிடம் கொடுத்து முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் தாய் தனியாகக் கிளம்புவாள். பத்து மாதம் ஒன்றைச் சுமந்த உடம்பு, சுமக்க ஒன்றும் இல்லாமல் வாசல் வரை நடக்கும். கை என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கும். அந்தக் கையில்தான் ஆயாம்மா வளையத்தை வைப்பாள். வார்டுக்குள் இல்லை, வாசலைத் தாண்டி, மதரின் உத்தரவு செல்லாத இடத்தில்.

"வெறுங்கையா போவாத கண்ணு. இத்தப் புடிச்சுகினு போ."

அவளுடைய அப்பன் கட்டுமரத்தில் மீனுக்குப் போகிறவராம். மீன் ஒன்றுகூடப் படாத நாளிலும் காலிக் கூடையோடு வீட்டுப்படி ஏறமாட்டாராம். கரையில் ஒரு கை ஈர மணலை அள்ளிப் போட்டுக்கொண்டுதான் வருவாராம். "மணல வெச்சு இன்னா சமைக்கிறது?" என்று அவளுடைய அம்மா கேட்பாளாம். "சமைக்கறதுக்கு இல்லடி, தூக்கிகினு வர்றதுக்கு" என்பாராம். இதைச் சொல்லும்போது ஆயாம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு மாமியார் அந்த வளையத்தை மருமகளின் கையிலிருந்து பறித்துச் சாக்கடையில் எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். "எழவு வூட்டுப் பூவக் கையில குடுக்கறியே, நீயெல்லாம் பொம்பளையா?" ஆயாம்மா சாக்கடையில் இறங்கி எடுத்தாள். குழாயில் அலசினாள். அதற்குள் ரிக்ஷா கிளம்பிவிட்டது. ஓடினாள். அந்த வயதில், அந்தக் கனத்த உடம்போடு, தெரு முக்கு வரைக்கும் ஓடி, ஓடுகிற ரிக்ஷாவில் அந்தப் பெண்ணின் மடியில் போட்டுவிட்டு நின்றாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டதை வாசல் பக்கச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் தொடங்கியது.

அந்த வளையம் என் கைக்கு வரக் கூடாது. இரவும் பகலும் எனக்கு இந்த ஒரே நினைப்புதான். மாடியிலிருந்து வாளி இறங்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொள்வேன். உள்ளே அசைகிறதா. தொட்டியருகே அவள் குந்தினால் சன்னலை மூடச் சொல்வேன். காற்று ஆகாது என்று பொய் சொல்வேன். படித்தவள், பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுதக் கற்றுத்தந்தவள். பூ இருந்தால் வளையம் உண்டு, வளையம் இருந்தால் அதற்கு ஒரு கை வேண்டும் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குத் தேசம்மா வந்தது அந்த நாட்களில்தான். காசிமேட்டுப் பெண். இருபது வயது, தலைச்சன் பிரசவம். வாய் ஓயாது.

"டீச்சரக்கா, உப்பு இல்லாம எப்டிக்கா துன்ற? எங்க கடலாண்ட வந்து ஒரு முழுக்கு போடு, ஒடம்புல தானா ஏறிக்கும்."

ஒரு நாள் தலையணைக்குக் கீழிருந்து நெத்திலிக் கருவாடு ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். அந்த உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு நான் அழுதேவிட்டேன். ஆயாம்மா மோப்பம் பிடித்து வந்துவிட்டாள்.

"யாருடி அது, கருவாடு?"

"நான்தான் ஆயாம்மா. கரையில பொறந்தவ, அப்டித்தான் நாறுவேன்."

ஆயாம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தேசம்மா விடவில்லை. "எல்லார் கையிலயும் எத்தையாவது சொருகுறியே, உன் கை ஏன் ஆயாம்மா எப்பவும் காலியா கீது? இரு, எம் புள்ளய மொதல்ல உங்கிட்டதான் குடுக்கப்போறேன். ஒரு நாளு பூரா நீதான் வெச்சுகினு குந்தணும்."

"குடு, குடு. பாக்கறேன்" என்றாள் ஆயாம்மா. சொல்லிவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், அப்போதே வாங்கப் போகிறவள் மாதிரி.

தேசம்மாவுக்கு வலி கண்டது ஒரு காலையில். எட்டு மணிக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். ஆயாம்மாவும் உள்ளே போய்விட்டாள். பத்து மணிக்கு மாடியிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி அதிகாரியின் மனைவி வீட்டுக்குக் கிளம்பினார். நல்ல பெண்மணி. போகிற வழியில் கதவோரம் இருந்த என்னைப் பார்த்துச் சிரித்து, கையில் இருந்த பொக்கேயை என் மடியில் வைத்தார். "நீங்க வெச்சுக்கோங்க. உங்களுக்கும் நல்லபடியா ஆகும்."

சிவப்பு ரோஜாக்கள், வெள்ளைச் சம்பங்கி, பெயர் தெரியாத ஊதாப் பூ. வெள்ளித்தாள் சரசரத்தது. என் கையில் பூ.

நான் யோசிக்கவில்லை. எழுந்து, வீங்கின காலோடு சன்னலுக்குப் போய், வெளியே எறிந்தேன். சந்தில் எப்போதும் திரிகிற ஆடுகள் ஓடி வந்தன. ரோஜாவை முதலில் தின்றன. பிறகு சம்பங்கியை. கட்டிலுக்குத் திரும்பி வந்து படுத்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது. பூ இல்லை, இனி வளையம் இல்லை, இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. தேசம்மாவுக்காகவும்தான் எறிந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இல்லை. எனக்காக மட்டும்தான் எறிந்தேன்.

பதினொன்றரைக்குப் பிறந்தது. ஆண். அழவில்லை.

இரண்டு நாள் தேசம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை வீட்டிலிருந்து ஆள் வருகிறது என்றார்கள். ஆயாம்மா மாடிக்கு ஏறிப் போனாள். இறங்கி வந்தாள். வாளி காலி.

"மேல அந்த அம்மா வெச்சிருந்த பூவு இன்னா ஆச்சு? நீ பாத்தியா டீச்சரு?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அவள் கோயிலுக்கு ஓடினாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். பீடத்தில் ஒரு பூ இல்லை. புனிதர்களின் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணமும் கிடையாது, மிஞ்சுகிற பூவும் கிடையாது. அவள் திரும்பி வந்து தொட்டியருகே குந்தியதைப் பார்த்தேன். கம்பியை வளைத்தாள். காஸ் துணியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். பூ வைக்க வேண்டிய இடமெல்லாம் துணியைச் சுற்றி, வெள்ளையாக, தடியாக ஒரு வட்டம்.

அன்று வாசல் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டிலருகே வந்து நீட்டினாள். தேசம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் அவளுக்கு வாய் ஓயவில்லை.

"இன்னா ஆயாம்மா, கட்டு கட்டியாந்துட்ட? எனக்கு எங்க அடிபட்டுச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வளையத்தைக் கட்டில்மேல் வைத்தாள். முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டு, குளிர்கிறவள் மாதிரி, நடந்து போனாள். என்னைத் தாண்டும்போது, "வரேன் டீச்சரக்கா. ஒனக்கு நல்லா பொறக்கும் பாரு" என்றாள்.

அவள் போன பிறகு ஆயாம்மா அந்தக் காஸ் வளையத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். வாசலில் பதறிக்கொண்டிருந்த ஒரு புருஷன், தானாகவே வந்து, "குடு ஆயாம்மா, நான் புடிச்சுக்கறேன்" என்றான். அவள் தரவில்லை.

நாலு நாள் கழித்து எனக்குப் பெண் பிறந்தாள். கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி அழுதாள். ஆயாம்மாதான் குளிப்பாட்டினாள். பொட்டு வைத்தாள். காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "சோக்கா கீறா" என்றாள். அவள் முகத்தில் ஒன்றையும் என்னால் படிக்க முடியவில்லை.

நான் கிளம்பிய நாள் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை. முந்தின நாள் கோயில் முழுக்கப் பூ. ஆயாம்மாவின் வாளி நிரம்பி வழிந்தது. கணவர் ஆலையில் ஷிஃப்ட் மாற்ற முடியாமல், ஒரு சைக்கிள் ரிக்ஷாவை மட்டும் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தார். வாசலில் பிள்ளையை இடது கையில் தந்துவிட்டு, ஆயாம்மா உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தாள். அந்தக் காஸ் வளையமேதான். இப்போது அதன்மேல் வெள்ளை லில்லியும் சிவப்பு ரோஜாவும் இடைவெளி இல்லாமல் அடர்ந்திருந்தன. அவள் கட்டியதிலேயே அதுதான் அழகானது.

"உனக்கு இல்ல" என்றாள். "உன் கை ரொம்பி கீது. நீ போற வழிதான் காசிமேடு. அவ வூடு அந்தப் பெரிய ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால. குடுத்துட்டுப் போ."

"நானா ஆயாம்மா?"

அவள் வளையத்தை என் வலது கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"வெள்ளித்தாளு சன்னலாண்ட கெடந்துச்சு. ஆடு பூவத்தான் துன்னும், அத்த துன்னாது." குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பயத்துல பண்ணிட்ட. வுடு. உங்கையால நீ குடு, அவ வாங்கிப்பா."

ரிக்ஷா வடக்கே போனது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குடிசைகள். ஐஸ் ஃபாக்டரியைத் தாண்டிய இடத்தில் ரிக்ஷாக்காரர் நிறுத்தினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. இருபதடி தூரத்தில், மணலில், நாலைந்து பெண்களோடு தேசம்மா மீன் கீறிக்கொண்டிருந்தாள். யாரோ ஏதோ சொன்னார்கள், அவள் திருப்பிச் சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அலை அங்கே வரவில்லை. மீன் கழுவின தண்ணீரும் இல்லை. பிள்ளை இல்லை என்று பாலுக்கு யார் போய்ச் சொல்வது.

இறங்க வேண்டும். ஒரு கையில் வளையம். ஒரு கையில் உயிரோடு ஒரு பிள்ளை. இந்த இரண்டையும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

அப்போது என் மகள் அழத் தொடங்கினாள். பசி. அந்தக் கூரை பிய்க்கிற அழுகை. நான் முந்தானையைப் போட்டு மூடினேன். மூட மூட உரத்து அழுதாள். மணலில் தேசம்மாவின் கத்தி நின்றது. அவள் தலை மெல்ல, சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

"போங்க" என்றேன். "போங்க, போங்க, வண்டிய எடுங்க."

ரிக்ஷாக்காரர் ஏறி மிதித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா, தெரியாது. அழுகையைக் கேட்டாள். அது மட்டும் தெரியும்.

வளையத்தை எறிய முடியவில்லை. ஒருமுறை எறிந்ததே போதும். வீட்டில் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். பூ உதிர்ந்து தூளாயிற்று. காஸ் துணி பழுப்பேறிக் கம்பித் துருவைக் குடித்துக்கொண்டது. நாலு வீடு மாறினேன், நாலு வீட்டுக்கும் அது வந்தது. என்ன இது என்று கேட்ட மகளிடம், நீ பிறந்தபோது கட்டியது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த ஐஸ் ஃபாக்டரி வழியாக நான் அப்புறம் போகவே இல்லை. இராயபுரம் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு உள்பக்கமாகப் போவேன்.

ஆயாம்மாவை ஒரே ஒருமுறை மறுபடி பார்த்தேன். நாலு வருடம் கழித்து, திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில். விடுதியை மூடிவிட்டார்கள் என்றாள். உடம்பு பாதியாகியிருந்தது. என்னை அவள்தான் கண்டுகொண்டாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்த அந்த நொடியில்.

"டீச்சரு! இவளா?" என்று என் மகளின் கன்னத்தை வழித்தாள். "கத்துனாளே அன்னிக்கு. இப்பவும் கத்துறியாடி?"

பிறகு என் பக்கம் திரும்பினாள். நாலு வருடம் வாயிலேயே வைத்திருந்த கேள்வி மாதிரி அது வந்தது.

"குடுத்தியா?"

எண்ணூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"குடுத்தேன் ஆயாம்மா."

"வாங்கிகினாளா?"

"வாங்கிக்கிட்டா. மடியில வெச்சுக்கிட்டா."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா."

அது வேறு ஒருத்தி. ஓடுகிற ரிக்ஷாவில், நனைந்த வளையத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்ட அந்தப் பெண். அவளிடமிருந்து எடுத்துத் தேசம்மாவுக்குக் கொடுத்தேன்.

ஆயாம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அப்ப சரி. எங்கிட்டேந்து வெறுங்கையா போனவ அவ ஒருத்திதான். அதான் ஒறங்க வுடாம இருந்துச்சு. நீ குடுத்துட்ட. அப்ப சரி."

பஸ் வந்து நின்றது. அவள் அவசர அவசரமாக முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவித்த பனங்கிழங்கு ஒன்றே ஒன்று. அதை உடைத்து ஒரு பாதியை என் மகளிடம் கொடுத்தாள். மறு பாதியை என் கையில் வைத்து, அன்று போலவே, விரல்களை மூடினாள்.

"நீ வெச்சுக்கோ ஆயாம்மா. உனக்கு?"

"நானு வூட்டுக்குத்தான போறேன்."

படியில் ஏறக் கம்பியை நோக்கிக் கையை நீட்டினாள். இரண்டு கையும் காலியாக இருந்தன. பஸ் கிளம்பியது. மகள் தன் பங்கை நார் பிரித்துத் தின்றுகொண்டே நடந்தாள். என்னுடையதை என்னால் தின்ன முடியவில்லை. கீழே போடவும் முடியவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஆறடி மனிதரைப் போல, அதைப் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்தேன்.